பழைய ஸ்னூப்பி துணி வாங்கித் தைக்க விரும்புவோருக்கு: கரையில் தொடங்குங்கள்

மிக்கி மவுஸ், 'பீனட்ஸ்' சித்திரத்தொடரின் நாயான ஸ்னூப்பி போன்ற கார்ட்டூன் பாத்திரங்களை அச்சிட்ட பருத்தித் துணி அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கெஜக் கணக்கில் விற்றது. வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த பெண்கள் அதை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கவுனும் சட்டையும் தைத்தார்கள். தைத்தது போக மிச்சமும், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மடித்து வைத்த முழுத் துணியும் பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டிகள் இப்போது திறக்கப்படுகின்றன. ஐம்பது, அறுபது ஆண்டு உறங்கிய துணிகள் இணையச் சந்தைகளில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கித் தைத்துப் போட்டுக்கொள்ள நம்மவர்களும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை.

ஆனால் பெரும்பாலானோர் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். துணிக்கு வயது சொல்வதில் படத்தை நம்பவே முடியாது. பழைய முகத்தை எந்தக் காலத்திலும் மறுபடி அச்சிடலாம். துணியின் அகலம், கரை, நெசவு, நூல் ஆகியவற்றை அப்படி எளிதில் மாற்ற முடியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்கத் துணியை முதலிலும் படத்தைக் கடைசியிலும் வைத்துப் போகிறது.

எந்த வடிவத்தில் கிடைக்கும்

நான்கு வடிவங்களில் வரும். முதலாவது, வெட்டாத கெஜத் துணி. விலையும் மதிப்பும் இதற்கே அதிகம். இரண்டாவது, தைத்ததுபோக மிஞ்சிய துண்டுகள். இதில் பெரியவர்களுக்கு உடுப்பு தைக்க முடியாது. பாக்கெட், காலர், பை, குழந்தைச் சட்டை ஆகியவற்றுக்கு உதவும்.

மூன்றாவது, தீவனச் சாக்குத் துணி. கோழித் தீவனமும் மாவும் 1920களின் நடுப்பகுதியிலிருந்து அச்சிட்ட பருத்திச் சாக்குகளில் வந்தன. காலியான சாக்கைப் பிரித்துக் கிராமத்துக் குடும்பங்கள் உடை தைத்தன. 1930களின் பொருளாதார நெருக்கடியில் இது பெரும் வழக்கமாகி 1950கள் வரை நீடித்தது. பெர்சி கென்ட் என்ற சாக்கு நிறுவனம் டிஸ்னி பாத்திரங்களை அச்சிட்ட சாக்குகளைக்கூட விற்றது. நூறு பவுண்டு சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமாகத் துணி கிடைக்கும். பெரியவர் ஒருவரின் கவுனுக்கு ஒரே அச்சில் மூன்று சாக்கு வேண்டும்.

முரட்டு நெசவு கண்ணில் பட்டதுமே "தீவனச் சாக்கு" என்று தலைப்பிட்டுவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். உண்மையான சாக்குக்கு அடையாளம் ஊசித் துளை வரிசைதான். சாக்கின் பக்கமும் அடியும் தடித்த நூலில் சங்கிலித் தையலாகப் போடப்பட்டிருக்கும். தையலைப் பிரித்த பிறகும் அந்தப் பெரிய துளைகள் ஓரத்தில் சீரான வரிசையாகத் தெரியும். துளை வரிசை இல்லாவிட்டால் அதை வெறும் பருத்தித் துணியாக எண்ணி விலை பேசுங்கள்.

நான்காவது, படுக்கை விரிப்பு. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். 1970களின் ஸ்னூப்பி விரிப்புகள் நிறைய வருகின்றன, கெஜத் துணியைவிட மலிவாகவும் கிடைக்கின்றன. ஒற்றைக் கட்டில் விரிப்பு 66 இன்ச் அகலமும் 96 இன்ச் நீளமும் இருந்தால், 45 இன்ச் அகலத் துணியில் ஏறக்குறைய நான்கு கெஜத்துக்குச் சமம். ஒரு முழு கவுன் தைத்து மிச்சமும் இருக்கும். பல விரிப்புகளில் பாலியஸ்டர் கலந்திருக்கும், வெயிலில் கொஞ்சம் புழுங்கும். ஆனாலும் முதல் வெட்டுக்குக் கை நடுங்காது.

கரையை வாசிப்பது

துணியின் இரு பக்க ஓரத்திலும் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) நெருக்கமாக ஓடும் கரை இருக்கும். அச்சு பெரும்பாலும் அங்கே வராது. எழுத்து அங்கேதான் வரும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டு கரைகளின் தெளிவான படம்.

கரையில் உரிமையாளர் பெயரும் ஓர் ஆண்டும் அச்சாகியிருக்கலாம். புதியவர்கள் அநேகமாக எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். ஸ்னூப்பி துணியில் "1958, யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்" (தொடரைச் செய்தித்தாள்களுக்கு வழங்கிய நிறுவனம்) என்று இருந்தால் துணி 1958இல் அச்சானது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த ஆண்டு ஸ்னூப்பியின் அந்த ஓவிய வடிவத்துக்குப் பதிவான பதிப்புரிமை ஆண்டு. 1970களிலும் 1980களிலும் செய்த பொருட்களிலும் அதே 1958தான் போட்டார்கள். "1958ஆம் ஆண்டுத் துணி" என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அதற்குப் பத்து, இருபது ஆண்டு பிந்தியவை. கரையில் பல ஆண்டுகள் வரிசையாக இருந்தால், அவற்றில் கடைசி ஆண்டுக்கு முன்னால் அந்தத் துணி வந்திருக்க முடியாது. அதற்கு எத்தனை காலம் பின்னால் என்பதை எழுத்து சொல்லாது.

பெயர்கள் ஆண்டைவிட நம்பகமானவை. டிஸ்னி பொருட்களில் "வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ்" என்றிருந்தால் அது பெரும்பாலும் 1930கள். 1930களின் இறுதியிலிருந்து 1986 வரை "வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்" என்றே வரும். 1986இல் நிறுவனத்தின் பெயர் "தி வால்ட் டிஸ்னி கம்பெனி" ஆனது. வெறுமனே "டிஸ்னி" என்றோ "டிஸ்னி என்டர்பிரைசஸ், இங்க்." என்றோ இருந்தால் அதை இன்னும் பிந்தியதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னூப்பியில் "பீனட்ஸ் வேர்ல்ட்வைட்" என்று பார்த்தால் பேச்சே வேண்டாம், அது 2010இல் உரிமை கைமாறியதற்குப் பிந்திய புதுத் துணி.

கரையில் சிறு வண்ண வட்டங்கள் வரிசையாக இருக்கலாம். அச்சில் எத்தனை நிறமோ அத்தனை வட்டம். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சிடும் உருளை ஒன்று, அல்லது சாயம் கசிந்து இறங்கும் சல்லடைத் திரை ஒன்று உண்டு. நிறங்கள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று அச்சிடுபவர் பார்த்துக்கொள்ள அந்த வட்டங்கள் இருக்கின்றன.

"சான்ஃபரைஸ்டு" என்ற சொல்லையும் தேடுங்கள். நம் ஊரில் மில் துணி எடுத்துத் தைத்த தலைமுறைக்கு அது பழகிய சொல். துணியை ஆலையிலேயே சுருக்கி விடும் முறை அது. 1930களில் பரவியது. அந்த முத்திரை இருந்தால் துவைத்த பிறகு சுருக்கம் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். 1930க்கு முந்தைய துணி என்று யாராவது விற்றால், இந்த ஒரு சொல்லே போதும், மறுத்துவிடலாம். "பெர்மனென்ட் பிரஸ்" (துவைத்த பிறகும் கசங்காத துணி) என்றிருந்தால் 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. பருத்தி இத்தனை சதவீதம், பாலியஸ்டர் இத்தனை சதவீதம் என்று விகிதம் எழுதியிருந்தால் 1960க்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூலிழை விகிதத்தைக் கட்டாயம் குறிப்பிடச் சொன்ன அமெரிக்கச் சட்டம் 1960 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தே இல்லாத கரையும் பேசும். நாடாத் தறியில் (நாடா என்பது குறுக்கு நூலை இரு பக்கமும் கொண்டுபோகும் கருவி) ஊடை என்ற அந்தக் குறுக்கு நூல் ஓரம்வரை போய்த் திரும்பி வரும், அதனால் கரை வழவழப்பாக மூடியிருக்கும். நாடா இல்லாத தறியில் ஊடை ஒவ்வொரு முறையும் வெட்டுப்படும். அதனால் ஓரத்தில் குஞ்சம்போல நூல் நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது நுனி உள்ளே மடித்துச் செருகப்பட்டிருக்கும். அந்தத் தறிகள் 1950களில்தான் விற்பனைக்கு வந்தன, ஆலைகளில் பரவ இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆக, குஞ்சக் கரையோடு ஒரு "1930கள் மிக்கி" வந்தால் வாங்காதீர்கள்.

அகலமும் நூலும்

அளவு நாடாவை வைத்துக் கரையிலிருந்து கரைவரை அளந்த படம் கேளுங்கள். 35, 36 இன்ச் இருந்தால் 1950கள்வரையான துணியாகவோ 1960களின் தொடக்கத்தில் வந்ததாகவோ இருக்கலாம். 44, 45 இன்ச் இருந்தால் 1960களுக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் சில காலம் கலந்தே விற்றன, எனவே அகலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். கரையோடும் நூலோடும் சேர்த்துப் பாருங்கள்.

அச்சு எத்தனை இன்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றும் அளந்து பாருங்கள். செதுக்கிய செப்பு உருளையில் அச்சிட்ட காலத்தில் உருளையின் சுற்றளவே ஒரு சுற்றின் நீளம். அது பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கும். சுழலும் உருளைத் திரை 1963இல் வந்தது, அதன் வழக்கமான சுற்றளவு 64 சென்டிமீட்டர். ஒரே காட்சி 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புகிறது என்றால் 1963க்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நூலை அறிய எரித்துப் பார்ப்பதே கைகண்ட வழி. துணி கைக்கு வந்த பிறகு வெட்டிய ஓரத்திலிருந்து பாவில் இரண்டு நூலும் ஊடையில் இரண்டு நூலும் உருவுங்கள். எவர்சில்வர் தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். அசிடேட் உருகும்போது புளித்த காடி வாசனை வரும். பருத்தியா ரேயானா என்ற ஐயம் மிஞ்சினால் ஒரு நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் ஈரத்தில் வலு இழந்து சட்டென்று அறும், பருத்தி தாங்கும். பாலியஸ்டர் அமெரிக்காவில் வியாபாரத்துக்கு வந்தது 1950களின் தொடக்கத்தில். "1940கள்" என்று வந்த துணி உருகினால் விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

புற ஊதா விளக்கைப் பிடித்து "ஒளிர்ந்தால் புதிது, ஒளிராவிட்டால் பழசு" என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. துணி வெள்ளையாகத் தெரிவதற்குச் சேர்க்கும் பொருள்தான் அப்படி ஒளிரும். இன்றைய சலவைத் தூளிலும் அது இருக்கிறது. 1935ஆம் ஆண்டுத் துணியைப் போன வாரம் சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராமல் இருப்பது நல்ல அறிகுறி, ஒளிர்வதை மட்டும் வைத்து எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்போது படத்தைப் பார்க்கலாம்

படம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும்: இந்தத் துணி இன்ன ஆண்டுக்கு முன்னால் வந்திருக்க முடியாது. அந்த அளவில் அது மிகவும் பயனுள்ளது, அதிலும் ஸ்னூப்பி துணியில்.

சார்ல்ஸ் ஷுல்ட்ஸின் 'பீனட்ஸ்' செய்தித்தாள் சித்திரத்தொடர் 1950 அக்டோபர் 2இல் தொடங்கியது. ஒவ்வொரு பாத்திரமும் எந்த ஆண்டு நுழைந்தது என்பது பதிவாகியிருக்கிறது. கண்ணாடி மாட்டி, கழுத்துத் துணி பறக்க, நாய்வீட்டின் மேல் உட்கார்ந்து விமானம் ஓட்டும் ஸ்னூப்பி 1965 அக்டோபரில் வந்தார். பெப்பர்மின்ட் பாட்டி என்ற சிறுமி 1966. ஃபிராங்க்ளின் என்ற சிறுவன் 1968. ஸ்னூப்பியின் தோழனான மஞ்சள் குருவிக்கு உட்ஸ்டாக் என்று பெயர் வைத்தது 1970 ஜூனில். கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாய்ந்து நிற்கும் 'ஜோ கூல்' 1971. துணியில் இருப்பவர்களை எண்ணி, அவர்களில் கடைசியாக வந்தவரைக் கண்டுபிடியுங்கள். கரையில் 1958 என்று எழுதியிருந்து, நடுவில் உட்ஸ்டாக் என்ற பெயரும் அச்சாகியிருந்தால் அந்தத் துணி 1970க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒரே துணியின் எழுத்தையும் படத்தையும் இப்படி ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக நிறுத்திப் பார்ப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டு. பழகினால் உங்களுக்கும் வரும்.

மிக்கியில் இது கடினம். 1928இல் வந்தபோது கையுறை இல்லை, 1929இல்தான் மாட்டினார்கள். 1930களில் குச்சிபோன்ற கைகால், நீண்ட வால், ஒரு துண்டு வெட்டி எடுத்ததுபோன்ற கறுப்புக் கண். 1930களின் கடைசியில் வெள்ளை விழியும் கருமணியும் வந்தன. இத்தனையும் தெரிந்திருந்தாலும் உதவி குறைவுதான். பழைய முகத்தைப் பிற்காலத்தில் டிஸ்னியே பலமுறை விரும்பி அச்சிட்டது. போதாக்குறைக்கு, 1928ஆம் ஆண்டின் மிக்கி வடிவம் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. வணிகச் சின்னமாக டிஸ்னிக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. என்றாலும் அந்தப் பழைய முகத்தை இனி வேறு பலரும் புதுத் துணியில் அச்சிடுவார்கள். மிக்கி துணி வாங்கும்போது கரையும் அகலமும் சாட்சி சொல்லாத வரை "1930கள்" என்ற விலையைக் கொடுக்காதீர்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இரு கரை, முழு அகலம் நாடாவோடு, பின்பக்கம், மிக நெருக்கத்தில் நெசவு, கறை இருக்கும் ஒவ்வோர் இடம்: இவற்றின் படங்கள். துவைத்ததா? புகை, பாச்சை உருண்டை, பூஞ்சை வாசனை உண்டா? ஒரே துண்டா, ஒட்டுப்போட்டதா? தலைப்பில் "ரெட்ரோ" என்றோ "விண்டேஜ் ஸ்டைல்" என்றோ இருந்தால் அது புதுத் துணி, கேள்வியே வேண்டாம். விலையோடு தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

குழந்தைகளின் இரவு உடைத் துணி

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கார்ட்டூன் அச்சில் பெரும்பங்கு குழந்தைகளுக்கானது, அதில் இரவு உடைத் துணியும் உண்டு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. அதற்காகப் பாலியஸ்டர், அசிடேட் துணிகளில் 'ட்ரிஸ்' என்ற வேதிப்பொருளை ஏற்றினார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று தெரிந்து 1977இல் குழந்தை உடைகளில் தடைசெய்தார்கள். இன்னொரு பக்கம், எதையும் ஏற்றாத பழைய பருத்தி ஃபிளானல் பஞ்சுபோலப் பற்றி எரியும். எனவே 1970களின் செயற்கை நூல் இரவு உடைத் துணியையும், எந்தக் காலத்துப் பழைய ஃபிளானலையும் கொண்டு குழந்தைகளுக்கு உடுப்பு தைக்காதீர்கள். சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

துணி வந்த பிறகு

பிரித்ததும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். ஊசிமுனைத் துளைகள், மெலிந்த பட்டைகள், மடிப்புக் கோட்டில் விரிசல் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து மெல்ல இழுங்கள், பாவின் திசையில் ஒருமுறை, ஊடையின் திசையில் ஒருமுறை. நூல் விடும் சத்தம் கேட்டால் அந்தத் துணியைத் தைக்க வேண்டாம், சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கார்ட்டூன் துணியில் முதலில் சோதிக்க வேண்டியது கறுப்பு. மிக்கியின் காதும் உடலும், ஸ்னூப்பியின் காதும் மூக்கும் முழுக் கறுப்பாக இருக்கும். பழைய பருத்தி அச்சில் கறுப்புக்கு அனிலின் கறுப்பு பெரிதும் பயன்பட்டது. நூலின் மேலேயே அமிலத்திலும் ஆக்சிஜனேற்றத்திலும் விளைகிற சாயம் அது, விளையும்போதே பருத்தியைப் பலவீனப்படுத்தும். அதனால் மற்ற இடமெல்லாம் திடமாக இருக்கும்போது காது மட்டும் உளுத்துக் கொட்டிய துணிகள் உண்டு. காதின் நடுவில் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை உலர்ந்தபடியே சிவப்பிலும் கறுப்பிலும் தேயுங்கள். பிறகு ஈரப்படுத்தி, கரையோரம் ஒரு நிறத்தின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். ஈரத்தில் நிறம் இறங்கினால் வீட்டில் துவைக்கக் கூடாது.

துவைப்பது

இறங்காத பருத்தியை அகலமான தொட்டியில், வெறும் தண்ணீரில் முதலில் ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். பல ஆண்டு அழுக்கும் ஆலையில் போட்ட கஞ்சியும் வெளியேறுகின்றன, பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். பிறகு வெளிறச் செய்யும் பொருள் கலக்காத மென்மையான திரவ சோப்பு. தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். தூக்கும்போது அடியில் ஒரு வெள்ளை வேட்டித் துணியை விரித்து அதோடு சேர்த்துத் தூக்குங்கள், ஈரத் துணியின் எடையே பழைய நூலை அறுத்துவிடும்.

மடிப்புக் கோட்டின் மஞ்சளுக்கும் பழுப்புப் புள்ளிக்கும் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் ப்ளீச் உதவும். வெதுவெதுப்பான தண்ணீரில், சாயச் சோதனையில் தேறிய பருத்திக்கு மட்டும். குளோரின் ப்ளீச் எந்தப் பழைய துணிக்கும் வேண்டாம், அது பருத்தி நூலை அரித்துவிடும். இரும்புத் துருக் கறை ஆக்சிஜன் ப்ளீச்சில் போகாது. அந்த இடத்தை வெட்டும்போது ஒதுக்கிக்கொள்ளலாம். நிழலில், தரைமட்டமாக விரித்து உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள்.

வெட்டுவதற்கு முன்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இந்தத் துணியை இன்னொரு கெஜம் வாங்கி வர முடியாது.

முதலில் துணி போதுமா என்று கணக்குப் போடுங்கள். இன்றைய பேட்டர்ன்கள் (வெட்டுவதற்கான மாதிரித் தாள்கள்) பெரும்பாலும் 45 இன்ச் அகலத்துக்கும் எழுதப்பட்டவை. 45 இன்ச் துணியில் இரண்டரை கெஜம் கேட்கும் கவுனுக்கு 36 இன்ச் துணியில் மூன்று கெஜத்துக்கும் சற்று மேல் வேண்டும். அதன் மேல் கார்ட்டூன் அச்சுக்கென்று கூடுதல் சேரும். பூ அச்சில் பேட்டர்னைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் துணி மிச்சம் பிடிக்கலாம். எல்லா ஸ்னூப்பியும் ஒரே பக்கம் நிற்கும் அச்சில் அது முடியாது, முதுகில் நாய் தலைகீழாக நிற்கும். ஒவ்வொரு பெரிய துண்டுக்கும் ஒரு அச்சுச் சுற்றின் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்று தெரிந்தால் ஆசையைச் சுருக்குங்கள்: கவுனுக்குப் பதில் பாவாடை, அல்லது மேல்பகுதி மட்டும் இந்தத் துணியில், கீழே ஒற்றை நிறம். நெருக்கிப் பிடித்து வெட்டிய முழு கவுனைவிட நிறைவாக வெட்டிய பாவாடை மேல்.

டிஷ்யூ காகிதம் போன்ற ஒளி ஊடுருவும் தாளில் முன்பக்க, பின்பக்கத் துண்டுகளை முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள், பாதியாக மடித்து வேண்டாம். அதைத் துணியின் மேல் வைத்து நகர்த்தும்போது எந்த முகம் எங்கே விழுகிறது என்று தெரியும். மார்பின் உச்சியில் முகம் வரக் கூடாது. டார்ட் (உடல் வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) ஒரு முகத்தின் நடுவே ஓடக் கூடாது, தைத்த பிறகு ஒரு கண் காணாமல் போகும். முன்பக்க நடுக்கோட்டில் ஒரு முழு உருவம் நிற்கட்டும், அல்லது இரண்டு உருவங்களுக்கு இடையே உள்ள வெளி நிற்கட்டும். பாதி உருவம் நின்றால் கோணலாகவே தெரியும். கழுத்து வளைவு தலையை வெட்டாமல் பாருங்கள். பக்கத் தையலில் எல்லாவற்றையும் பொருத்த முடியாது, அங்கே விட்டுக்கொடுங்கள். அச்சு துணியிலேயே சற்றுக் கோணலாக விழுந்திருப்பதும் உண்டு. அப்போது நூலோட்டத்தையே பின்பற்றுங்கள். படத்தைப் பின்பற்றி வெட்டிய உடுப்பு உடுத்தும்போது முறுக்கிக்கொள்ளும்.

டார்ட்டும் பட்டைகளும் குறைந்த பேட்டர்ன்தான் இதற்கு உகந்தது. 1960களின் நேரான, கையில்லாத ஏ வடிவக் கவுன் எனக்குப் பிடித்த தேர்வு. முன்னால் ஒரு துண்டு, பின்னால் இரண்டு, உருவங்கள் உடையாமல் முழுதாக நிற்கும். அந்தக் காலத் துணிக்கு அந்தக் கால வெட்டும்கூட.

மலிவான காடாத் துணியில் முதலில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். அளவுத் திருத்தமெல்லாம் அதில் முடியட்டும்.

தைப்பது

புது ஊசி, 9 அல்லது 11ஆம் எண். பருத்தித் துணிக்குப் பருத்தி நூல். முதல் தையலைத் துண்டு ஒன்றில் போட்டுப் பாருங்கள். பழைய துணியில் பிரித்த தையலின் துளை மூடாது. மெலிந்த துணிக்குள் மல் அல்லது மெல்லிய கேம்ப்ரிக்கை அதே அளவில் வெட்டி, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தையுங்கள். இழுவையை உள்துணி ஏற்றுக்கொள்ளும். உடம்பை இறுக்காமல் இரண்டு இன்ச் தளர்வு வையுங்கள். அக்குள், இடுப்பு, ஜிப்பின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் உள்ளே பட்டை கொடுங்கள், பழைய துணி கிழிவது அங்கேதான்.

தைத்ததை நீங்கள் உடுத்துவதில் பிரச்சினை இல்லை. தைத்து விற்பது வேறு விஷயம். பாத்திரங்களின் உரிமை நிறுவனங்களிடம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று கரையிலேயே அச்சிட்ட துணிகளும் உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துப் பாதுகாப்பது

வெட்டாத துணியை மடிக்காமல், வேட்டித் துணி சுற்றிய அட்டைக் குழாயில் உருட்டி வையுங்கள். இடம் இல்லாமல் மடித்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு கோட்டில் மடியுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பழைய பருத்திப் புடவையில் சுற்றி வைப்பது போதும். மரப்பலகை நேரடியாகத் துணியில் படக் கூடாது, மரத்தின் அமிலம் மஞ்சள் கறையாக ஏறும். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சி தேடி வரும்.

வெட்டும்போது எழுத்துள்ள கரைத் துண்டைக் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். ஒரு தாளில் துணியின் அகலம், அச்சுச் சுற்றின் நீளம், எரித்துப் பார்த்த விடை, யாரிடம் எப்போது வாங்கியது, துணியில் உள்ள பாத்திரங்களில் கடைசியாக வந்தவர் யார் என்று எழுதுங்கள். கரைத் துண்டையும் கையகல மாதிரி ஒன்றையும் அந்தத் தாளில் நூலால் தைத்துவிடுங்கள். பசையும் ஒட்டுநாடாவும் சில ஆண்டுகளில் கறை விடும். அடுத்த துணியை வாங்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.